மெஷின் தூங்க மாட்டேங்குது

கறுத்துப்போச்சு. மறுபடியும் கறுத்துப்போச்சு, ஆனா தூங்கல. தூங்கியிருந்தா முன்னாடி இருக்கிற அந்த நீல லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியணும், இது கண்ணை மூடாம முறைச்சுக்கிட்டு நிக்குது, உள்ள ஃபேன் ஓடுது, மவுஸை ஆட்டினா அசைவில்ல, கீபோர்டுல எதைத் தட்டினாலும் கேக்கல. ஸ்டாண்ட்பைக்குப் போன்னு சொன்னா போகவும் மாட்டேங்குது, திரும்பி வரவும் மாட்டேங்குது, பாதி வழியில உறைஞ்சு நின்னுக்குது. கறுத்த ஸ்கிரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது. கண்ணுக்குக் கீழ பை தொங்குது, நெத்தியில பொட்டு ஒரு பக்கமா போயிருக்கு. சாயந்தரம் ஆல்பம் வேலைக்கு வர்ற பிரின்சி உக்காந்திருக்கும்போது இது கறுத்தா அவ மூஞ்சி எப்படித் தெரியும்? நல்லாத்தான் தெரியும், அந்த வயசுல யாருக்கு என்ன தொங்கப் போகுது. சரி, அமுக்கு. பவர் பட்டனை விடாம அமுக்கிப் பிடி இந்திராணி, செத்துத் தொலையட்டும், திரும்ப உயிர் வரட்டும். விரல் நுனி வலிக்குது. அவ வேலைக்கு வர்றதுக்குள்ள இதை நான் சரிபண்ணியாகணும். பண்ணலைன்னா இன்னைக்குச் சாயந்தரம் இவரு புதுக்கோட்டைக்குப் போய் புது மெஷினுக்குச் சொல்லிட்டு வந்துருவாரு, அது மாடி ரூம்ல போய் உக்காரும், அது முன்னாடி அவ போய் உக்காருவா, இவரும் டீ டம்ளரோட மாடி ஏறுவாரு, நான் கீழ இந்த மெஷினோட கிடக்கணும். அதுதான் விஷயம், வேற ஒண்ணுமில்ல.

காலையில கேமரா பையைத் தோள்ல மாட்டிக்கிட்டே சொல்றாரு என் வீட்டுக்காரரு, கீரமங்கலம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கிட்டு, காபியை நின்ன வாக்குல குடிச்சுக்கிட்டு, "இந்தாம்மா, இதோட இனிமே மல்லுக்கட்ட முடியாது. புதுசு ஒண்ணு வாங்கி மாடியில பிரின்சிக்குப் போட்டுருவோம். இது உனக்கு இருக்கட்டும்." இருக்கட்டுமாம். பழசு பழசுக்கு, புதுசு புதுசுக்கு, கணக்கு சரியாப் போச்சு. டம்ளரை வாங்கிக் கழுவ வச்சேன், அது உருண்டு தொட்டிக்குள்ள விழுந்து டங்குனு சத்தம் போட்டுச்சு, அவ்வளவுதான் என் பதில். நீலம் ஸ்டூடியோன்னா அறந்தாங்கியில ஆட்டோக்காரருக்கெல்லாம் தெரியும், நீலமேகங்கிற இவரு பேர்ல பாதி அந்த போர்டுல இருக்கு, என் பேர்ல ஒரு எழுத்து கிடையாது, நானும் கேட்டதில்ல. ஆனா இவரு படத்தைப் புடிச்சுக் கொண்டாந்து போட்டா அதை ஆல்பமா ஆக்குறது யாரு? மக கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு கையில தொட்டிலை ஆட்டிக்கிட்டு இன்னொரு கையில மவுஸைப் புடிச்சுக் கத்துக்கிட்டவ நான். எவன் கிட்டயும் போய்க் கத்துக்கல. இப்ப அந்த மக திருச்சியில ஹாஸ்டல்ல இருக்கா, வீடு விடிஞ்சா அடைஞ்சா சத்தமில்ல, எனக்குன்னு இருக்கிறது இந்த நாற்காலி ஒண்ணுதான், அதுலயும் சாயந்தரமானா அவ உக்காந்துக்கிறா. உக்காந்ததும் நாற்காலியோட உயரத்தை இறக்கிக்கிறா. காலையில நான் வந்து உக்காந்தா பொத்துனு கீழ போறேன், ஒவ்வொரு நாளும் போறேன், ஒவ்வொரு நாளும் அவளைத் திட்டிக்கிட்டே ஏத்திக்கிறேன்.

உயிர் வந்துருச்சு. கடவுளே, ஆவுடையார்கோயில் கல்யாணம் பத்திரமா இருக்கணுமே. இருக்கு. மாலை மாத்துற வரைக்கும் இருக்கு, தாலி பக்கம் இன்னும் முடியல. தாலி கட்டுற பக்கம் முடியாம நான் மெஷினை ஆஃப் பண்ணவே மாட்டேன், ஆரம்பத்துலேருந்து அப்படித்தான், ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்தைப் பாதியில நிறுத்தி இருட்டாக்கக் கூடாது, ஸ்டாண்ட்பையிலதான் போடுவேன், திரும்பி வந்து தொட்டா விட்ட இடத்துல பொண்ணு மாப்பிள்ளை அப்படியே உக்காந்திருப்பாங்க. இந்தப் பாழாப்போன மெஷின் என் கையாலயே ஊரான் வீட்டுத் தாலியை எத்தனை தடவை இருட்டடிக்க வைக்குது. இதெல்லாம் அவளுக்குத் தெரியுமா, அந்த பிரின்சிக்கு? தாய்மாமன் படம் சின்னதாப் போனா ஆல்பம் திரும்பி வந்துரும், நாத்தனார் முடிச்சு போடுற கை தெரியலைன்னா ஒரு குடும்பமே பேசாமப் போயிரும், அதெல்லாம் தெரியுமா? முதல் மாசம் தாய்மாமனை வெட்டிட்டு யாரோ பக்கத்து வீட்டுக்காரரைப் பெருசாப் போட்டா, நான் ஒரு வார்த்தை சொல்லாம இருந்தேன், சண்டை வரட்டும்னு இருந்தேன். சண்டையும் வந்துச்சு. ஆனா இவரு அவளைத் திட்டலியே! சிரிச்சாரு. "பாவம், நாகர்கோயில் பொண்ணு, நம்ம ஊர் முறை என்ன தெரியும்"னாரு. ஒரு வாரத்துல அவ எல்லா முறையும் கத்துக்கிட்டா, என்கிட்டத்தான் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டா, நானும் மடச்சி மாதிரி சொல்லிக் கொடுத்தேன். இப்ப பாரு, வர்றவங்க எல்லாம் என்ன கேக்குறாங்க? அந்தப் பொண்ணு போட்ட மாதிரி போடுங்கன்னு கேக்குறாங்க. அவ என்ன போடுறா? ஒண்ணும் போடுறதில்ல! ஒரு பக்கம் முழுக்க வெறும் வெள்ளையா விட்டுட்டு ஒரு ஓரத்துல பொண்ணோட கண்ணை மட்டும் வைக்கிறா. நான் அருவி வச்சேன், அன்னம் வச்சேன், ரோஜா இதழ் தூவி விட்டேன், ஊட்டி மலையை உக்காந்து உக்காந்து வெட்டி ஒட்டினேன். இவரு அந்த வெள்ளைப் பக்கத்தைத் தூரத்துல புடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றாரு, "இந்திரா, இடம் விட்டிருக்கா பாரு." வெறும் இடத்துக்கு ஒரு பாராட்டு.

சரி, வேலையைப் பாரு. போன்ல அந்த மீசைக்காரர் வீடியோவை மறுபடி போடு. வணக்கம் நண்பர்களே, உங்க கம்ப்யூட்டர் ஸ்டாண்ட்பைக்குப் போகும்போது உறைஞ்சு நிக்குதா, கவலை வேண்டாம். கவலை வேண்டாமாம், வந்து பாருய்யா என் கவலையை. பவர் செட்டிங்க்ஸ்ல போங்கறாரு, போயாச்சு. அந்த டிக்கை எடுங்கறாரு, எடுத்தாச்சு. டிரைவரைப் புதுசாப் போடுங்கறாரு, ஓடுது, பச்சைக்கோடு மெதுவா நகருது. இது முடியட்டும். இவரு அவளைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கும் இப்படித்தான் உக்காந்து ஏதோ ஓடுறதைப் பார்த்துக்கிட்டிருந்தேன். நெத்தியில பொட்டில்லாம, எண்ணெய் வச்சுப் படிய வாரி, தோள்ல பெரிய பையோட வாசல்ல நின்னா, "அக்கா, நான் பிரின்சி. அண்ணன் வரச் சொன்னாவ"ன்னா. அண்ணன். அண்ணன்னு கூப்பிட்டுட்டா எல்லாம் ஆச்சா? எத்தனை அண்ணனைப் பார்த்திருக்கு இந்த ஊர். அடுத்த வாரமே நான் விராலிமலைக்குப் போயி முருகன் படம் போட்ட மந்திரப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், உள்ளங்கை அகலம், வெள்ளை ஒயரு, சொருகினா முதல்ல ஒரு மணி அடிச்சுட்டு அப்புறம் மெல்லிசா மந்திரம் சொல்லிக்கிட்டே இருக்கும், வேற பாட்டும் ஏத்திக்கலாம்னாரு கடைக்காரரு. சுவர்ல இருக்கிற ஓட்டையெல்லாம் பிரிண்டரும் யூபிஎஸ்ஸும் புடிச்சுக்கிச்சு, அதனால மெஷின் முதுகுலயே சொருகிட்டேன். எதுக்கு வாங்கினேன்? கண்ணு படக் கூடாதுன்னு வாங்கினேன். சரி, சரி, இந்த நாற்காலி முருகன் பாதுகாப்புல இருக்குன்னு அவளுக்குத் தெரியணும்னுதான் வாங்கினேன். தெரிஞ்சா என்ன தப்பு? பச்சைக்கோடு முடிஞ்சுது. ஸ்டாண்ட்பை. கறுப்பு. லைட்டு அணையல. நாசமாப் போக.

அமுக்கு, விடாதே. இந்த அமுக்குற நேரம்தான் கொடுமை, கை சும்மா இருக்கு, மனசு அங்கயே போகுது. போன வெள்ளிக்கிழமை. வேண்டாம், நினைக்காதே. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு நடை சாத்தியிருந்ததால சீக்கிரமே திரும்பி வந்தேன், வந்தவ அடுப்படி வழியா நுழைஞ்சு டீ போட்டு ரெண்டு டம்ளர்ல எடுத்துக்கிட்டுச் செருப்பில்லாத காலோட நடந்து வந்தேன், வேணும்னு சத்தமில்லாம வரல, என் வீட்டுல நான் எப்படி வேணா நடப்பேன். திரையை விலக்கினா நாற்காலியில யாருமில்ல. மேஜைக்குப் பின்னாடி ரெண்டு பேரும் முட்டி போட்டுக் குனிஞ்சிருக்காங்க. ரெண்டு தலையும் ஒட்டினாப்ல. இவரு கை நீண்டிருக்கு, எதுக்கு நீண்டிருக்குன்னு தெரியல, மேஜை மறைக்குது. டிங்குனு ஒரு சத்தம், அவ வளையல்தான், இல்ல போன்ல மெசேஜ் வந்துச்சோ. என்னைப் பார்த்ததும் அவ வெடுக்குனு எந்திரிச்சா, மேஜையில தலை இடிச்சுது, முகம் குங்குமமாச் சிவந்துச்சு. இவரு எந்திரிக்கக்கூட இல்ல, அங்கயிருந்தே, "ஒண்ணுமில்ல, ஒயரு"ன்னாரு. என்ன ஒயரு? எந்த ஒயரு? நான் டீயை வச்சேன், ஆடை கட்டிச்சு, ரெண்டு பேரும் குடிக்கல. அதுக்கு முன்னாடியும் எத்தனை தடவை, நான் உள்ள வந்தா பேச்சு நிக்குது. ஒரு நாள் நான், "இந்த மெஷின் உங்ககிட்டயும் இப்படித்தான் நின்னு தொலைக்குதா"ன்னு கேட்டேன், இவரு, "இல்லியே, எங்களுக்கு நல்லாத்தான் போகுது"ன்னாரு, அவ சட்டுனு இவரைப் பார்த்தா, இவரு, "அப்பப்ப நிக்கும்"னு மாத்திக்கிட்டாரு. அந்தப் பார்வை. கட்டின பொண்டாட்டி எனக்கே இந்தப் பார்வையைப் பார்க்கத் தெரியல. எங்களுக்கு நல்லாத்தான் போகுதாம், எங்களுக்கு!

இரு, இரு, அழக் கூடாது, அழுதா கண்ணு இன்னும் வீங்கும், அவ வந்து பார்ப்பா. மீசைக்காரர் கடைசியா ஒண்ணு சொல்றாரு, மெஷினோட சேர்த்து மாட்டியிருக்கிற சாமான் எல்லாத்தையும் ஒண்ணொண்ணாக் கழட்டிட்டுப் பாருங்க, அதுல ஏதோ ஒண்ணு தூங்க விடாமப் பண்ணலாம்னு. அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா மனுஷா! எனக்குத் தெரியும் அது எதுன்னு. அந்தப் பேனாப் பலகை. கறுப்பா, வழவழன்னு, அவளுக்குன்னே இவரு திருச்சியில வாங்கிட்டு வந்தது, பலகையில பேனாவால இழுத்தா ஸ்கிரீன்ல கோடு வரும். நான் இத்தனை வருஷம் மவுஸால முடி முடியா வெட்டினேன், மணிக்கட்டு வீங்கித் தைலம் தேய்ச்சேன், எனக்கு ஒரு பேனா வாங்கணும்னு யாருக்கும் தோணல. வந்த மூணாம் மாசம் அவளுக்குப் பேனா. அதுதான், அதேதான், அது வந்த பிறகுதான் இந்தச் சனியன் புடிச்சுது. புடுங்கு. புடுங்கியாச்சு. பட்டனை லேசாத் தட்டினா ஸ்டாண்ட்பைக்குப் போற மாதிரி வச்சிருக்கேன், தட்டு. முருகா, தூங்கு, தூங்கு, அவளோட பேனாதான்னு ஆகட்டும், சாயந்தரம் இவரு வந்ததும் அந்தப் பலகையை ரெண்டு விரலால தூக்கிக் காட்டி, இந்தாங்க, உங்க சாமான்தான் காரணம்னு சொல்றேன். கறுத்துச்சு. லைட்டு எரியுது, ஒரே சீரா எரியுது. ச்சீ! பிரிண்டரைக் கழட்டு. வெளிய மாட்டின ஹார்ட்டிஸ்கைக் கழட்டு. ஸ்கேனர், மவுஸ், கீபோர்டு, எல்லாம் கழட்டு, அமுக்கு, உயிர் வரட்டும், தட்டு, கறுக்கட்டும், அமுக்கு. தரையெல்லாம் ஒயரு. மேஜைக்குப் பின்னாடி நான் முட்டி போட்டு உக்காந்திருக்கேன், அவங்க ரெண்டு பேரும் இருந்த அதே இடத்துல. என்ன இருக்கு இங்க? தூசி இருக்கு, ஒரு சாக்லேட் காகிதம் இருக்கு. இங்க ஒருத்தர் மேல ஒருத்தர் படாம ரெண்டு பேர் உக்கார முடியாது, கையை விரிச்சு அளந்தே பார்த்துட்டேன்.

எல்லாம் கழட்டியும் நிக்குது. அப்ப மெஷினே செத்துருச்சு. அப்ப புது மெஷின்தான். அப்ப மாடி ரூம்தான். நல்லா இருங்க. முருகா, உன்னைத் தூசியிலயே விட்டுட்டேனே, படத்துல ஒட்டடை, இரு, முந்தானையால துடைக்கிறேன். ஐயையோ, ஒயரு கழண்டு வந்துருச்சு. மந்திரம் நின்னுபோச்சு. அது சொல்லிக்கிட்டிருந்ததே இப்ப நின்ன பிறகுதான் காதுக்குத் தெரியுது. மன்னிச்சுக்கப்பா, கன்னத்துல போட்டுக்கிறேன், வேணும்னு செய்யல, இதோ சொருகிடறேன். அதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை மெஷினை அமுக்கி எழுப்பித் தட்டிப் பார்த்துடறேன். தட்டியாச்சு. கறுத்துச்சு. ஃபேன் நிக்குது. ஃபேன் நின்னுபோச்சு! லைட்டு அணையுது, எரியுது, அணையுது, எரியுது. தூங்குது! அம்மாடி, தூங்குது, நல்லாத் தூங்குது, பட்டனைத் தொட்டா முழிக்குது, பொண்ணு மாப்பிள்ளை விட்ட இடத்துல உக்காந்திருக்காங்க. முருகா, நான் துடைச்சதுக்கா இவ்வளவு இரக்கம்? சொருகிடறேன், இதோ. டிங்குனு மணி அடிச்சுட்டு மந்திரத்தை ஆரம்பிக்குது. தட்டு. கறுப்பு. ஃபேன் ஓடுது. லைட்டு முறைக்குது. என்னது இது? அமுக்கு, எழுப்பு. ஒயரைப் புடுங்கு. தட்டு. தூங்குது. சொருகு. டிங். தட்டு. நிக்குது. எத்தனை தடவைதான் பார்க்கிறது. இது சாமி, சாமான் இல்ல, இதைக் கழட்டணும்னே எனக்குத் தோணல, எல்லாத்தையும் கழட்டிப் போட்டேன், இதைத் தொடல. கம்ப்யூட்டருக்கு இதுவும் ஒரு சாமான்தான். நான்தான், நான் வாங்கிட்டு வந்து சொருகினதுதான். தரையில பேனாப் பலகை கிடக்கு, அதைப் பார்க்கவே கூச்சமா இருக்கு.

டிங். இரு. அந்தச் சத்தம். போன வெள்ளிக்கிழமை நான் டீயோட வந்தப்ப கேட்ட சத்தம். வளையல் இல்ல, அவ வளையலே போடுறதில்ல, போனும் இல்ல. இதுதான் அது. ஒயரைச் சொருகின சத்தம். எங்களுக்கு நல்லாத்தான் போகுதுன்னாரே. சாயந்தரம் சாயந்தரம் என் முருகனைப் புடுங்கிட்டு, ரெண்டு பேரும் நிம்மதியா வேலை பார்த்துட்டு, நான் வர்ற நேரத்துக்கு முட்டி போட்டுத் திரும்பச் சொருகி வச்சிருக்காங்க. ஒரு நாள் காலையில பார்த்தா முருகன் சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்னாரு, அதுவும் இதாலதானா. அதான் பேச்சு நின்னுச்சா. அதான் அந்தப் பார்வையா. அப்ப வேற ஒண்ணும் இல்ல. நான் நினைச்சது ஒண்ணும் இல்ல. சந்தோஷமா இருக்கணுமே, ஏன் இல்ல? ஏன் இன்னும் அதிகமா எரியுது? தொட்டுக்கிட்டாங்கன்னாக்கூட ஒரு நாள் கேவலம், கத்தியிருப்பேன், அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன். இது என்னைப் பத்தி ரெண்டு பேரும் உக்காந்து பேசினது. அவளுக்குத் தெரியாம எடுத்துடுவோம், அவ வர்றதுக்குள்ள வச்சுடுவோம்னு. நோயாளியைப் பத்திப் பேசுற மாதிரி, பைத்தியத்தைப் பத்திப் பேசுற மாதிரி. சிரிச்சிருப்பாங்க. கண்டிப்பாச் சிரிச்சிருப்பாங்க. அவ கையை வாயில பொத்திச் சிரிப்பா, எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. கேட் சத்தம். வந்துட்டா.

"அக்கா? என்னக்கா தரையில உக்காந்திருக்கிய?" தோள் பையை இறக்கக்கூட இல்ல, வாசல்லயே நிக்கிறா. சுத்தியும் ஒயரைப் பார்க்கிறா, அப்புறம் என் கையைப் பார்க்கிறா, கையில முருகன் பெட்டி, தொங்குற வெள்ளை ஒயரு. அவ முகம் அன்னைக்கு மாதிரியே சிவக்குது. சிரிக்கல. சிரிச்சா அறைஞ்சுடலாம்னு பார்த்தேன், சிரிக்கல.

"உனக்குத் தெரியுமா?"

"அக்கா..."

"தெரியுமா, தெரியாதா?"

"வந்த கொஞ்ச நாள்லயே தெரியும்க்கா." பையை மெல்ல இறக்கி வைக்கிறா. "நான் எப்படிக்கா சொல்லுவேன்? நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளை. உங்க சாமியைக் கழட்டுங்கன்னு நான் சொன்னா நீங்க என்ன நினைப்பிய? அதான் அண்ணன்கிட்டச் சொன்னேன்."

"சொல்லிச் சிரிச்சீங்களாக்கும் ரெண்டு பேரும்."

"யாருக்கா சிரிச்சா? அண்ணன் உங்ககிட்டச் சொல்லாண்டாம்னுட்டாவ. நான் இல்லாதப்ப நீ தொடாண்டாம், நானே கழட்டி நானே மாட்டுதேன்னு சொன்னாவ. நான் அதுல கையே வைக்கலக்கா, சத்தியமா. அன்னைக்கு ஒயர் நழுவிப் பின்னால விழுந்துட்டு, அதைத் தேடத்தான் குனிஞ்சோம்." அவ குரல் உடையுது, பாவம், நெத்தியில வேர்வை. பாவமாவது. "பொறவு ஒண்ணு சொன்னாவ. அது உங்ககிட்டச் சொல்லலாமான்னு தெரியல."

"சொல்லு."

"சொன்னா அண்ணன் ஏசுவாவ."

"நான் ஏசுறதைவிடவா? சொல்லுடி."

அவ தரையில என் எதிர்ல உக்காந்துட்டா, ஒயருக்கு நடுவுல. பேனாப் பலகை அவ முட்டிக்குக் கீழ கிடக்கு, அதைக்கூட எடுக்கல. "அது அவளுக்கு ஒரு தெம்பு, அதைப் புடுங்கினா அவளையே நாற்காலியை விட்டு எந்திரிக்கச் சொன்ன மாதிரி ஆயிரும்னு சொன்னாவ. இந்த ஸ்டூடியோவே அவ உக்காந்து உக்காந்து வளர்த்தது, நான் சும்மா படம் புடிக்கிறவன்னு. உனக்கு வேணா வேற மெஷின் வாங்கித் தாரேன், அவ சாமி அவ மெஷின்லயே இருக்கட்டும்னாவ."

இவரா? என்கிட்ட கரண்டு பில்லு கட்டியாச்சா, சட்டைக்கு பட்டன் தச்சியா, குழம்புல உப்பு இல்லைங்கிறதைத் தவிர வேற பேச்சே இல்லாத இந்த மனுஷனா? மக ஹாஸ்டலுக்குப் போன அன்னைக்கு நான் அழுதுக்கிட்டிருந்தப்ப, "லைட்டை அணை, தூக்கம் வருது"ன்னவரா? இத்தனை வார்த்தை இவருக்குள்ள இருந்துச்சா? இருந்துச்சுன்னா அது எனக்கு வர வேண்டிய வார்த்தையில்லையா, என்னைப் பத்தின வார்த்தை, என் காதுக்கு வராம நாகர்கோயில்லேருந்து வந்தவ காதுக்கு ஏன் போச்சு? இவ வீட்டுக்குப் போற பஸ்ல உக்காந்து அதை நினைச்சுப் பார்த்திருப்பா. நான் முருங்கைக்காய் நறுக்கிக்கிட்டிருந்திருப்பேன். எத்தனை வருஷமாக் காத்திருந்தேன்னே எனக்குத் தெரியாது, இப்பத்தான் தெரியுது காத்திருந்தேன்னு. இந்தப் பொண்ணை வெட்டிப் போடலாம் போல இருக்கு, கட்டிப் புடிச்சுக்கலாம் போலவும் இருக்கு. ரெண்டும் செய்யல.

"இன்னொரு தரம் சொல்லு."

"அதான்க்கா, அது அவளுக்கு ஒரு தெம்புன்னு சொன்னாவ..."

"உன் பேச்சுல வேணாம். அவரு எப்படிச் சொன்னாரோ அப்படியே சொல்லு."

அவ என்னை ஒரு மாதிரியாப் பார்க்கிறா. விளையாடுறேனான்னு பார்க்கிறா. அப்புறம் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டு, முதுகை நிமித்தி, இவரு செய்யுற மாதிரியே தொண்டையை ரெண்டு தடவை செருமிக்கிட்டு, இல்லாத கண்ணாடியை ஒத்தை விரலால மேல தள்ளிவிட்டுக்கிட்டு, தரையைப் பார்த்துச் சொல்றா, "அது அவளுக்கு ஒரு தெம்பும்மா. அதைப் புடுங்கினா, அவளையே நாற்காலியை விட்டு எந்திரிக்கச் சொன்ன மாதிரி ஆயிரும்." அச்சு அசல் அவரு. நடுவுல இழுக்கிற அந்த இழுப்பு, கடைசி வார்த்தையை முழுங்குறது, எல்லாம் அவரு. எவ்வளவு உன்னிப்பாப் பார்த்து வச்சிருக்கா இவ, பாவி, எனக்கு வயிறு பத்தி எரியுது, கண்ணுல தண்ணியும் நிக்க மாட்டேங்குது.

"இன்னும் ஒரு தரம்"னேன்.